பொலிகாளைக்குப் பணம் போட்ட கடைக்காரர்கள்

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் உள்ள லீ கவுண்டியின் சமுதாய வளர்ச்சி மன்றம் 1948இல் நிறுவப்பட்டது. வரலாற்றுக் குறிப்புகள் பலவும் அந்த ஆண்டிலிருந்துதான் தொடங்குகின்றன. ஓர் அமைப்புக்குப் பெயர் வைத்து, விதிமுறை எழுதி, தலைவரைத் தேர்ந்தெடுத்த நாளை அதன் பிறந்தநாள் என்று சொல்வது வழக்கம்தான். ஆனால் அந்த மன்றத்தின் கதையைப் படிக்கப் படிக்க, 1948 என்பது ஏற்கெனவே வளர்ந்து நின்ற ஒன்றுக்குப் பெயர் சூட்டிய ஆண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே கவுண்டியின் தலைநகரமான டூபெலோவின் கடைக்காரர்கள் சிலர், தங்கள் தொழுவத்தில் ஒரு கன்றுகூட இல்லாதவர்கள், ஊருக்கு வெளியே இருந்த குடியானவர்களின் மாடுகள் நல்ல கன்று போட வேண்டும் என்பதற்காகக் கைக்காசைப் போட்டார்கள். பிற்பாடு வந்த அலுவலகம், தொழிற்பேட்டை, விருதுகள் அத்தனைக்கும் அடியில் கிடப்பது அந்தக் காசுதான்.

லீ கவுண்டி மிசிசிப்பியின் வடகிழக்கு மூலையில் இருக்கிறது. கவுண்டி என்பது அங்கே மாநிலத்துக்கு உட்பட்ட நிர்வாகப் பிரிவு. பரப்பளவில் இது நம் ஊர்த் தாலுகா ஒன்றைவிடப் பெரியது என்று சொல்லலாம். உள்நாட்டுப் போர் முடிந்த மறு ஆண்டு, 1866இல், தோற்ற தரப்பின் தளபதி ராபர்ட் லீயின் பெயரை வைத்து உருவாக்கப்பட்டது. மிசிசிப்பி என்றதும் நினைவுக்கு வரும் டெல்டாவின் வண்டல், ஆயிரக்கணக்கான ஏக்கர் பண்ணைகள், மாளிகை வீடுகள் எவையும் இங்கே இல்லை. சின்னச் சின்ன மேடுகளும், மழைக்குக் கரைந்து ஓடும் மண்ணும், சிறு நிலக்காரர்களும், வாரத்துக்குப் பயிரிடுபவர்களும் நிறைந்த பகுதி. எல்லாரும் விதைத்தது பருத்தி.

பருத்தியின் பொருளாதாரம் கொடுமையானது. விதை, உரம், மாவு, பன்றிக்கொழுப்பு, துணி எல்லாவற்றையும் வசந்த காலத்தில் கடையில் கடனாக வாங்குவார்கள். இலையுதிர்காலத்தில் பஞ்சு ஜின்னிங் ஆலைக்குப் போன பிறகு கணக்குத் தீர்ப்பார்கள். தீர்த்த பின் கையில் மிச்சமிருந்தால் அந்த ஆண்டு நல்ல ஆண்டு. பல குடும்பங்களுக்குக் கணக்கு தீர்வதே இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே பணம் புழங்கும் ஊரில், அந்த ஒருமுறையும் பொய்த்துப்போனால் எல்லாம் நின்றுவிடும். 1929இல் பவுண்டுக்கு 16 சென்ட்டுக்கு மேல் விற்ற பருத்தி, 1931இல் 6 சென்ட்டுக்கும் கீழே போனது. அமெரிக்காவிலேயே ஏழ்மையான மாநிலம் மிசிசிப்பி. அதிலும் லீ கவுண்டி கடைசி வரிசையில்தான் இருந்தது.

1934இல் ஜார்ஜ் மெக்லீன் என்ற இளைஞர் டூபெலோவில் நொடித்துப்போன பத்திரிகை ஒன்றை விலைக்கு வாங்கினார். அவர் மிசிசிப்பியின் வினோனா ஊரில் 1904இல் பிறந்தவர். மெம்ஃபிஸ் நகரத்துக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். ஏழைகளுக்கு நீதி செய்வதும் கிறிஸ்தவ நம்பிக்கையும் ஒன்றுதான் என்று எண்ணியவர். அந்த எண்ணத்தை மேடையிலும் எழுத்திலும் சொன்னதால் பகையும் சம்பாதித்துக்கொண்டவர். பத்திரிகைத் தொழிலில் அவருக்கு முன் அனுபவம் இல்லை. இப்படிப்பட்ட ஒருவர் ஒரு சிறுநகரப் பத்திரிகையைக் கையில் எடுத்தால் என்ன நடக்குமோ அதுதான் முதலில் நடந்தது. ஊர்ப் பெரியவர்கள் அவரை வெறுத்தார்கள்.

அந்தப் பத்தாண்டு டூபெலோவுக்குக் கொடுத்ததும் அதிகம், எடுத்துக்கொண்டதும் அதிகம். டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தின் மின்சாரம் பெற்ற முதல் நகரம் டூபெலோ. 1934 பிப்ரவரியில் விளக்கு எரிந்தது. அதே ஆண்டு நவம்பரில் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார். 1936 ஏப்ரல் 5ஆம் தேதி இரவு சுழற்காற்று ஊருக்குள் புகுந்தது. 200 பேருக்கு மேல் இறந்தார்கள். பதிவான எண்ணிக்கை 216. அந்தப் பட்டியலில் கறுப்பினத்தவரின் சாவுகள் முழுமையாகச் சேர்க்கப்படவில்லை. யார் செத்தார்கள் என்று எண்ணும்போதுகூட ஊரின் ஒரு பகுதியை எண்ணாமல் விடும் ஓர் இடத்தில்தான், ஊர் முழுவதற்குமான அமைப்பு ஒன்று பிற்பாடு முளைத்தது. இந்த முரணை மறந்துவிட்டு இந்தக் கதையைச் சொல்லக் கூடாது.

மறு ஆண்டு, 1937இல், டூபெலோ பஞ்சாலைத் தொழிலாளர்கள் கூலி உயர்வும் வாரத்துக்கு 40 மணி நேர வேலையும் கேட்டு ஆலைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். தெற்கு மாநிலங்களில் அப்போது அது அரிது. மெக்லீன் தொழிலாளர் பக்கம் நின்று எழுதினார். ஊர் வணிகர்கள் அவர்மேல் பாய்ந்தார்கள், விளம்பரம் தர மறுத்தார்கள், அவரைக் கம்யூனிஸ்ட் என்றார்கள். ஆலை முதலாளிகள் இறங்கி வரவில்லை. ஆலையையே மூடினார்கள். வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கிய ஜிம்மி காக்ஸை 1938இல் ஒரு கும்பல் காரில் கடத்திக்கொண்டு போனது. அவர் உயிர் பிழைத்தது பெரும்பாடு. தொழிற்சங்கத்தின் முயற்சி அந்த ஊரில் அத்தோடு ஒடுங்கியது.

லீ கவுண்டியின் வளர்ச்சி வரலாற்றைச் சொல்பவர்கள் இந்தத் தோல்வியை ஒரு பத்தியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அப்படிக் கடக்க முடியவில்லை. மெக்லீன் அடுத்து எடுத்த வழி இந்தத் தோல்வியிலிருந்து பிறந்தது என்றே நான் கருதுகிறேன். கூலிக்காரனும் முதலாளியும் நேருக்கு நேர் மோதிய இடத்தில் ஊர் முழுக்க முதலாளியோடு சேர்ந்துகொண்டதை அவர் கண்ணால் பார்த்தார். அதன் பிறகு, கடைக்காரனின் லாபமும் ஏழையின் வருமானமும் ஒரே கணக்கில் சேரும் இடம் எது என்று தேடத் தொடங்கினார். இதை அவருடைய முதிர்ச்சி என்று சிலர் சொல்லலாம், பின்வாங்கல் என்று சிலர் சொல்லலாம். இரண்டுமாகவே அது இருந்திருக்கும். ஆலைத் தொழிலாளி கேட்ட 40 மணி நேரத்துக்கு அந்த ஊர் அன்று பதில் சொல்லவில்லை என்பது மட்டும் மாறப்போவதில்லை.

சுழற்காற்று அடித்த 1936இலேயே மிசிசிப்பி அரசு வேறொரு வழியில் போய்க்கொண்டிருந்தது. ஆளுநர் ஹியூ ஒயிட் விவசாயத்தையும் தொழிலையும் சமன்செய்யும் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார். ஊராட்சிகள் கடன்பத்திரம் வெளியிட்டுத் தொழிற்சாலைக் கட்டடங்களைக் கட்டி வடக்கிலிருந்து வரும் கம்பெனிகளுக்குக் கொடுக்கலாம் என்றது சட்டம். டுரான்ட் ஊருக்குக் காலுறை ஆலை வந்தது, பாஸ்ககூலா துறைமுகத்துக்குக் கப்பல் கட்டும் தளம் வந்தது. பின்னாளில் அமெரிக்கா முழுக்க, ஏன் உலகம் முழுக்க, பரவிய பழக்கத்துக்கு இது முன்னோடி. நிலம் இலவசம், கட்டடம் இலவசம், வரி கிடையாது, கூலி குறைவு, வாருங்கள் என்று கூப்பிடுவது. கூப்பிட்டவுடன் வருகிறவன் அடுத்த ஊர்க்காரன் இன்னும் கொஞ்சம் குறைத்துக் கூப்பிட்டால் அங்கே போய்விடுவான். அந்தச் சட்டத்தால் வேலை கிடைத்தவர்களை நான் சிறுமைப்படுத்தவில்லை. பசித்தவனுக்குக் குறைந்த கூலியும் கூலிதான். ஆனாலும் அதில் ஊர்க்காரனின் வறுமையே விற்பனைச் சரக்காக இருந்தது.

மெக்லீன் டூபெலோ வணிகர்களிடம் சொன்னது வேறு. உங்கள் கடைக்கு வருகிறவன் யார்? சுற்றுப்புறத்துக் குடியானவன். அவனிடம் காசில்லை, அதனால் உங்களிடம் வியாபாரமில்லை. அவன் கையில் காசு வர நீங்கள் செய்யும் செலவு தருமம் ஆகாது, முதலீடு. இதைத் தலையங்கமாக எழுதினார். எழுதியதோடு நிற்காமல் கடை கடையாக ஏறி இறங்கினார். சில ஆண்டுகளுக்கு முன்பு தனக்கு விளம்பரம் தர மறுத்த அதே கடைகள். அந்தப் படியேற்றத்துக்கு எவ்வளவு மனவலிமை வேண்டியிருந்திருக்கும் என்பதை ஊரில் பகைத்துக்கொண்டு வாழ்ந்தவர்கள்தான் அறிவார்கள்.

காசை எதில் போடுவது? பாலில் என்றார் மெக்லீன். அதற்கு அடித்தளம் இருந்தது. 1927இலேயே கார்னேஷன் கம்பெனி டூபெலோவில் பாலைச் சுண்டக் காய்ச்சி டின்னில் அடைக்கும் ஆலையைத் திறந்திருந்தது. வாங்க ஆள் இருந்தான், விற்கத்தான் பால் போதவில்லை. குடியானவர்களின் மாடுகள் வீட்டுக்கு ஒரு குவளை கறக்கும் சாதி. நல்ல ஜெர்சிப் பொலிகாளை வாங்கிக் கட்ட அவர்களால் முடியாது. ஒரு காளையின் தீனிச் செலவைக்கூட ஒரு வாரக்குடியால் தாங்க முடியாது.

அப்போதுதான் அமெரிக்காவில் செயற்கைக் கருவூட்டல் ஆய்வகத்தை விட்டுத் தொழுவத்துக்கு வந்திருந்தது. நம் கிராமங்களில் சினை ஊசி என்று சொல்கிறோமே, அதேதான். 1938இல் நியூ ஜெர்சியில் பால் உற்பத்தியாளர்கள் அதற்கென்று முதல் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். இரண்டே ஆண்டில், 1940இல், மிசிசிப்பியின் ஏழைக் கவுண்டி ஒன்று அதைக் கையில் எடுத்தது. பொலிகாளை வாங்கி அந்தத் திட்டத்தை நடத்தப் பணம் போட்டவர்கள் டூபெலோவின் வணிகர்களும் வங்கிக்காரர்களும்.

அந்தக் காலத்தில் அது எவ்வளவு சள்ளை பிடித்த வேலை என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். விந்தை உறையவைத்து ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கும் முறை இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. அது 1949இல்தான் இங்கிலாந்தில் கைகூடியது. முட்டை மஞ்சள் கருவில் கலந்து குளிரில் வைத்தால் சில நாள் தாங்கும், அவ்வளவே. அதற்குள் எங்கோ ஒரு மேட்டுக்காட்டில் ஒரு பசு பருவத்துக்கு வந்திருக்க வேண்டும். அது கத்துவதை வீட்டுக்காரர் கவனித்திருக்க வேண்டும். ஊருக்குள் ஆள் அனுப்பியிருக்க வேண்டும். தொலைபேசி உள்ள வீடுகள் எண்ணிக்கையில் அடங்கும். ஊசிக்காரர் மண்சாலையில் வண்டியோட்டிக்கொண்டு ஒரு நாளைக்குள் வந்து சேர வேண்டும். சாலை சேறாகிக் கிடக்கும் மாதங்களில் அது நடக்காது. அதனால் பசுவுக்குச் சினை பிடிக்க வேண்டும் என்று விரும்பியவர்கள், வழியில் சாலையைப் பற்றியும் தொலைபேசியைப் பற்றியும் யோசிக்க வேண்டியிருந்தது. ஒன்றைச் சரிசெய்யப் போனால் அதற்கு முன்னால் சரிசெய்ய வேண்டிய ஒன்பது கண்ணில் படும். வளர்ச்சி மன்றம் என்பது பிற்பாடு அந்த ஒன்பதுக்கும் சேர்த்து ஏற்பட்ட ஏற்பாடு.

அதைவிட முக்கியமானது காலக்கணக்கு. பசு ஒன்பது மாதம் சுமக்கும். பிறப்பது கிடேரியாக இருந்தாலும், அது வளர்ந்து, சினைப்பட்டு, கன்று ஈன்று, பால் தர இன்னும் இரண்டு ஆண்டுக்கு மேலாகும். ஆக, இன்று பணம் போட்டவர் ஒரு குடம் கூடுதல் பாலைப் பார்க்க மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும். அந்தப் பாலின் காசு குடியானவன் கைக்குப் போய், அங்கிருந்து இரும்புக் கடைக்கோ துணிக்கடைக்கோ வர இன்னும் சில மாதம். வாரா வாரம் கல்லாவை எண்ணிப் பழகியவர்கள் இப்படிப்பட்ட முதலீட்டுக்கு ஒப்புக்கொண்டார்கள் என்பதைத்தான் இந்தக் கதையின் பெரிய நிகழ்ச்சியாக நான் நினைக்கிறேன். பின்னால் வந்த ஆலைத் திறப்பு விழா எதுவும் இதற்கு ஈடாகாது.

பால் மெல்ல மெல்ல ஊரின் பழக்கத்தை மாற்றியது. ஆண்டுக்கொரு முறை பருத்திக் கணக்குத் தீர்த்தவர்களுக்கு இப்போது மாதத்தில் இரண்டொரு முறை பால் காசு வந்தது. தொடர்ந்து வரும் சிறு தொகைக்கு ஒரு தன்மை உண்டு. அதை வைத்து ஒரு குடும்பம் முன்கூட்டியே யோசிக்க முடியும். பையனைப் பள்ளியிலிருந்து நிறுத்தாமல் இருக்கலாம். கடைக்காரரிடம் கடனுக்குக் கைகட்டி நிற்க வேண்டியதில்லை, காசை வைத்துவிட்டுப் பொருளை எடுத்துக்கொண்டு போகலாம். நிலமும் மூச்சுவிட்டது. பருத்திக்கு உழுது உழுது கரைந்துபோன மேடுகளில் புல்லும் பயறுவகைத் தீவனச் செடிகளும் ஏறின. போர்க்காலத்தில் டின் பாலுக்கு இருந்த தேவையும் கைகொடுத்தது.

போர் முடிந்ததும் மெக்லீன் அடுத்த அடியை வைத்தார். செயின்ட் லூயிஸ் நகரத்து டோன் வேளாண் நிறுவனத்தை அழைத்து வந்து பகுதியை ஆராயச் சொன்னார். அதிலிருந்து உருவானவை கிராமச் சமுதாய வளர்ச்சி மன்றங்கள். ஒவ்வொரு குடியிருப்பும் தனக்கென ஒரு மன்றம் வைத்துக்கொள்ளும். மாலை வேளையில் பள்ளிக்கூடத்திலோ தேவாலயத்திலோ கூடும். எங்கள் ஊருக்கு முதலில் என்ன வேண்டும் என்று அவர்களே பேசி முடிவெடுப்பார்கள். சிலருக்குச் சரளைச் சாலை, சிலருக்கு மின்கம்பி, சிலருக்குப் பள்ளிக்கூடத்துக்கு ஓர் அறை. வீடுகளுக்கு வண்ணம் பூசுவதும் தபால்பெட்டியை நிமிர்த்தி நடுவதும்கூட அவர்கள் பட்டியலில் இருந்தன. பட்டணத்து வணிகர்கள் அந்தக் கூட்டங்களுக்கு வண்டியேறிப் போனார்கள். ஆண்டு முடிவில் எந்த மன்றம் அதிகம் சாதித்தது என்று போட்டி வைத்துப் பரிசும் கொடுத்தார்கள்.

தபால்பெட்டியை நிமிர்த்துவதால் வருமானம் கூடுமா என்று ஒரு பொருளாதார அறிஞர் கேட்கக்கூடும். கூடாதுதான். ஆனால் கூட்டம் போட்டுப் பேசிப் பழக்கமில்லாத ஒருவர், தன் பெயர் சொல்லி எழுந்து நின்று, எங்கள் பக்கத்துச் சாலைக்குச் சரளை வேண்டும் என்று கேட்டு, அதை அடுத்த மாதம் நடக்கவும் பார்த்துவிட்டால், அதற்கு அடுத்த மாதம் அவர் கேட்பது சரளையாக இருக்காது.

இங்கே ஒன்றைச் சேர்க்க வேண்டும். மெக்லீன் ஒற்றை ஆளாக இதைச் சாதித்தார் என்பதுபோலவே பெரும்பாலும் எழுதப்படுகிறது. கூட்டமாகச் சேர்ந்து கற்றுக்கொள்ளும் பழக்கம் அந்தக் கிராமங்களுக்கு முன்பே இருந்தது. 1914ஆம் ஆண்டின் ஸ்மித்-லீவர் சட்டத்துக்குப் பிறகு அமெரிக்கக் கிராமங்களில் வேளாண் விரிவாக்கப் பணியாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். காய்கனிகளைப் பதப்படுத்துவது, தோட்டம் போடுவது, வீட்டுக் கணக்கு எழுதுவது ஆகியவற்றைப் பெண்கள் சேர்ந்து கற்கும் மனைச் சங்கங்கள் அவற்றோடு வளர்ந்தன. சமையலறையில் நடந்த அந்தக் கூட்டங்கள் இல்லாமல், பள்ளிக்கூடத்தில் நடந்த கூட்டங்கள் அவ்வளவு எளிதாக நிரம்பியிருக்கும் என்று நான் நம்பவில்லை. 

இதற்கெல்லாம் பிறகுதான் 1948 வருகிறது. டூபெலோவில் ஏற்கெனவே வணிகர் சங்கம் இருந்தது. எல்லா அமெரிக்க ஊர்களிலும் இருப்பதுபோல, கடைக்காரர்களும் வங்கிக்காரர்களும் கூடித் தங்கள் நலன் பேசும் சங்கம். அதன் இடத்தில் சமுதாய வளர்ச்சி மன்றம் வைக்கப்பட்டது. சந்தா கட்டும் எவரும் உறுப்பினர் ஆகலாம். பட்டணத்துக்காரர், பட்டிக்காட்டுக்காரர் என்ற எல்லை கிடையாது. ஒரு வணிகர் சங்கம் தன்னைக் கலைத்துக்கொண்டு, தன் வாடிக்கையாளரையும் உள்ளே உட்கார வைக்கும் அமைப்புக்கு வழிவிடுவது சாதாரணமாக நடக்கும் காரியமா? பொலிகாளைக்குப் போட்ட காசு கல்லாவுக்குத் திரும்பி வந்ததை இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் பார்த்திருக்காவிட்டால் அவர்கள் ஒப்பியிருக்க மாட்டார்கள். அமைப்பு முதலில், வேலை பிறகு என்ற வரிசையில் இது நடந்திருந்தால் பத்தோடு பதினொன்றாகப் போயிருக்கும்.

அதே 1948ஆம் ஆண்டு நவம்பரில் ஓர் ஏழைக் குடும்பம் டூபெலோவை விட்டு மெம்ஃபிஸுக்குக் கிளம்பியது. அப்பா, அம்மா, பதின்மூன்று வயதுப் பையன். கிழக்கு டூபெலோவில் இரண்டே அறை கொண்ட மர வீட்டில் பிறந்தவன் அந்தப் பையன். அந்த வீட்டைக் கட்டப் பணம் கடன் கொடுத்தவருக்குப் பன்றி விற்றபோது வந்த காசோலையில் எண்ணைத் திருத்திய குற்றத்துக்காக அவன் அப்பா பார்ச்மன் சிறையில் இருந்து வந்தவர். பையன் பெயர் எல்விஸ் பிரெஸ்லி. இன்று அந்த வீட்டைப் பார்க்க உலகெங்கிலுமிருந்து வருகிறார்கள். ஆனால் நான் பாடகரைப் பற்றிப் பேசவில்லை, அவனுடைய அப்பாவைப் பற்றி யோசிக்கிறேன். வாரத்துக்குக்கூட நிலமில்லாத, கிடைத்த வேலைக்குப் போகிற, கடனில் வீட்டை இழந்த அந்த மனிதருக்கு 1948இல் புதிய மன்றம் எதையும் கொடுக்கவில்லை. பால் திட்டம் மாடு வைத்திருந்தவனுக்குக் கைகொடுத்தது. மாடே இல்லாதவன் காத்திருக்க வேண்டியிருந்தது, அல்லது கிளம்ப வேண்டியிருந்தது. ஏழைகளிலிருந்து தொடங்குகிறோம் என்று சொல்லும் எந்தத் திட்டமும் உண்மையில் ஏழைகளில் ஒரு படி மேலே இருப்பவனிடமிருந்துதான் தொடங்குகிறது. அதற்காகத் திட்டத்தைக் கைவிட முடியாது. ஆனால் கீழ்ப்படியில் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பதையும் கைவிட முடியாது.

லீ கவுண்டியின் கீழ்ப்படியில் நின்றவர்களில் பலர் கறுப்பினத்தவர். பள்ளி, மருத்துவமனை வார்டு, பேருந்து இருக்கை, கல்லறை வரைக்கும் நிறத்தால் கோடு போட்டிருந்த மாநிலத்தில், மாலைக் கூட்டங்களும் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. மெக்லீனின் பத்திரிகை மற்ற மிசிசிப்பிப் பத்திரிகைகள் பலவற்றைவிட நிதானமாகவும் மனிதத்தன்மையோடும் எழுதியது. 1970இல் கறுப்பினத்தவர், வெள்ளையர் பள்ளிகள் ஒன்றிணைந்தபோது, மாநிலத்தின் வேறு பல பகுதிகளில் வெள்ளையர் தங்கள் பிள்ளைகளைத் தனியார் பள்ளிகளுக்குக் கூட்டம் கூட்டமாக மாற்றியதுபோல டூபெலோவில் பெரிதாக நடக்கவில்லை. ஊர் தன் பொதுப்பள்ளியை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனாலும் 1978இல், காவலில் இருந்த ஒரு கறுப்பினத்தவரை அடித்த காவலர்கள்மேல் நடவடிக்கை இல்லை என்பதற்காக கறுப்பினத்தவரின் உரிமைக்காகப் போராடிய யுனைட்டட் லீக் இயக்கம் தெருவில் இறங்கியது. கடைகளைப் புறக்கணிக்கச் சொன்னது. வேலை வாய்ப்பில் சமபங்கு கேட்டது. எதிரே வெள்ளை இனவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளானும் ஊர்வலம் போனது. கடைக்காரனின் கல்லாவும் ஏழையின் வருமானமும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை என்று 1940இல் மெக்லீன் சொன்ன கணக்கை, கறுப்பின மக்கள் 1978இல் கடைவாசலில் நின்று திருப்பிப் போட்டுக் காட்டினார்கள். அவர்களும் அந்த மன்றத்தின் வரலாற்றை எழுதியவர்கள் என்பதே என் எண்ணம்.

1950களிலிருந்து புதிய ஆலைகள் பெருகியதை விரிவாகச் சொல்லத் தேவையில்லை. முதலில் குறைந்த கூலித் தையல் ஆலைகள், பிறகு மெத்தை வைத்த நாற்காலி, சோஃபா செய்யும் தொழில், பிறகு இயந்திரங்கள். பக்கத்து ஊரான நியூ ஆல்பனியில் 1948இல் மாரிஸ் ஃபுடோரியன் தொடங்கிய சோஃபா ஆலையிலிருந்து கிளைத்த தொழில் அந்த வட்டாரம் முழுக்கப் பரவி, நாட்டிலேயே பெரிய மெத்தைச்சாமான் உற்பத்திப் பகுதிகளில் ஒன்றாக அதை ஆக்கியது. 1956இல் மன்றத்தின் பொறுப்புக்கு வந்த ஹாரி மார்ட்டின் 2000 வரை அதே நாற்காலியில் இருந்தார். நாற்பத்து நான்கு ஆண்டு ஒருவரே ஓர் அமைப்பை நடத்துவது நல்லதா என்பது தனிக்கேள்வி. ஆனால் கிடேரி பால் தரும்வரை காத்திருக்கப் பழகிய ஊருக்கு, அடிக்கடி ஆள் மாற்றும் அவசரம் இல்லாமல் இருந்தது புரிகிறது. ஆலைகளை டூபெலோவுக்குள்ளேயே குவிக்காமல் கவுண்டியின் சிற்றூர்களுக்கும் பிரித்து வைத்தார்கள். நிலத்தை விட்டுவிட்டுப் பட்டணத்துக்குக் குடிபெயராமல், காலையில் பால் கறந்துவிட்டு ஆலைக்குப் போகலாம் என்ற ஏற்பாடு. இதிலும் அந்தப் பழைய யோசனையின் தடம் தெரிகிறது.

மெக்லீன் 1972இல் கிரியேட் என்ற அறக்கட்டளையைத் தொடங்கினார். பத்திரிகையின் உடைமை பிற்பாடு அந்த அறக்கட்டளைக்குப் போனது. லாபம் ஊருக்கே திரும்பும்படி ஒரு நாளிதழை எழுதிவைத்தவர்கள் உலகில் மிகச் சிலர். 1970களின் இறுதியில் அவர் லீ கவுண்டிப் பள்ளிகளின் கீழ்வகுப்புகளில் வாசிக்கக் கற்றுத்தர உதவியாசிரியர்களை வைப்பதற்கு பத்து லட்சம் டாலர் கொடுத்தார். ஏழு வயதுக் குழந்தை இன்று எழுத்துக்கூட்டி வாசித்தால் அதன் பயன் ஊருக்குத் தெரியப் பதினைந்து ஆண்டாகும். பொலிகாளைக் கணக்கைவிட ஐந்து மடங்கு நீண்ட கணக்கு. 1982இல் மிசிசிப்பி தன் கல்விச் சீர்திருத்தச் சட்டத்தில் அதே ஏற்பாட்டை மாநிலம் முழுமைக்கும் கொண்டுவந்தது. மெக்லீன் மறு ஆண்டு இறந்தார்.

அவர் இல்லாத காலத்தில் மன்றத்தின் பழைய கணக்கு இன்னொரு முறை சோதிக்கப்பட்டது. கார் ஆலை ஒன்றுக்கு ஏற்ற பெரிய நிலப்பரப்பு லீ கவுண்டியில் தனியாக அமையவில்லை. பான்டடாக், யூனியன், லீ ஆகிய மூன்று கவுண்டிகளும் கூட்டுச் சேர்ந்தன. இடம் தேர்வானது யூனியன் கவுண்டியின் புளூ ஸ்பிரிங்ஸ் கிராமத்தருகே. லீ கவுண்டியின் எல்லைக்கு வெளியே. இருந்தும் செலவையும் பின்னால் வரும் வரி வருமானத்தையும் மூவரும் பங்கிட்டுக்கொள்வது என்று ஒப்பந்தம் செய்தார்கள். டொயோட்டா 2007 பிப்ரவரியில் வருவதாக அறிவித்தது, பொருளாதார நெருக்கடியில் இடையே வேலையை நிறுத்தியது, 2011இல் கரோலா கார்களை அங்கே செய்யத் தொடங்கியது. மூன்று கவுண்டிகளின் பள்ளிகளுக்கென்று பத்து ஆண்டுகளில் 5 கோடி டாலர் தருவதாகவும் ஒப்புக்கொண்டது.

டொயோட்டாவின் வருகைக்குப் பின்னால் ஹியூ ஒயிட் காலத்துச் சலுகைகளின் பெரிய வடிவமும் இருந்தது. மாநில அரசு வாரி வழங்கியது. அதை மறைக்க வேண்டியதில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது, பக்கத்துக் கவுண்டியில் எழும்பும் ஆலைக்குத் தன் வரிப்பணத்தைப் போட லீ கவுண்டி ஒப்புக்கொண்டது. அமெரிக்கக் கிராமப்புறத்தில் கவுண்டிக்குக் கவுண்டி நடக்கும் போட்டியை அறிந்தவர்களுக்கு இது எளிதில் நடக்கும் காரியம் இல்லை என்பது தெரியும். அடுத்தவர் தொழுவத்தில் கட்டியிருக்கும் மாட்டுக்கு இங்கிருந்து பணம் போடலாம் என்பது அந்த ஊரில் 1940இலிருந்தே சிலருக்குத் தெரிந்திருந்தது. அதைப் பிற்பாடு மூன்று கவுண்டிகள் ஒப்பந்தமாக எழுதிக் கையொப்பமிட்டன.